ஹெப்சி திருப்பிச் சொல்லாத வார்த்தை

ஆம்பூர்,
23 ஆகஸ்ட் 1998

அன்புள்ள மனைவி ஹெப்சிக்கு,

உன் கணவன் எபனேசர் எழுதுவது. இங்கே நான் சுகம். தோல் ஷெட்டின் வாடை சுகம், பாலாற்றில் மிதக்கும் நுரை சுகம், பக்கத்து வீட்டு ஜியாவுல்லா பாயின் வாய் எல்லாவற்றையும் விடச் சுகம். அஸ்ஸாமில் நீயும் உன் ஹெலிகாப்டரும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் சண்டை, பிறகு சமாசாரம். நேற்று பூத்தில் எனக்கு முன்னால் நின்ற ஆள் சவூதியில் இருக்கும் மச்சானோடு குடும்பக் கதை முழுவதும் பேசித் தீர்க்கிறவரை காத்திருந்து உனக்குப் போன் போட்டேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றேன். "அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது" என்றாய். குடியாத்தம் சித்தப்பா மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்றேன். "குடியாத்தம் சித்தப்பா மகளுக்குத் தை மாசம் கல்யாணம்" என்றாய். மீட்டர் ஓடுகிறது, ஹெப்சி! நான் சொன்னதை எனக்கே சொல்வதற்கா அஸ்ஸாம் வரைக்கும் கம்பி இழுத்திருக்கிறார்கள்?

ரேடியோ பழக்கம் என்று நீ விளக்கியது ஞாபகம் இருக்கிறது. கீழேயிருந்து ஒன்று சொன்னால் பைலட் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகக் காதில் விழுந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். திருப்பிச் சொல்லாமல் போனவர்கள் மலையில் மோதியிருக்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் நான் கன்ட்ரோல் டவர் இல்லை, உன் புருஷன்.

அதையும் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. போனை வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் "பத்திரமா வந்து சேரு" என்கிறேன். கல்யாணம், கண் ஆபரேஷன், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்கிற நீ இதற்கு மட்டும் வாயைத் திறப்பதில்லை. "சரி, வைக்கட்டுமா?" என்கிறாய். முதல் வாரம் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அதே. நேற்றும் அதே. பூத்துக்காரர் மீட்டரைப் பார்க்கிறார், நான் ரிசீவரைப் பார்க்கிறேன். என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய்?

மே மாதம் உன் கேம்ப்புக்கு வந்ததே எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆபீசர்களின் மனைவிமார் நடத்தும் தேநீர் விருந்துக்கு எனக்கு அழைப்பு அனுப்பினார்களே! அட்டையில் "திருமதி" என்று அச்சடித்து, அதைப் பேனாவால் அடித்து "திரு" என்று எழுதியிருந்தார்கள். நீ சிரித்துக்கொண்டே போய்விட்டு வாங்கள் என்றாய். பட்டுப் புடவைக் கூட்டத்துக்கு நடுவில் நான் ஒருத்தன் உட்கார்ந்து, கேரட் அல்வா எப்படிக் கிளறுவது என்று ஹிந்தியில் கேட்டுக்கொண்டிருந்தேன். தம்போலா விளையாட்டில் எனக்கு முதல் பரிசு, ஒரு குக்கர். அந்தக் குக்கரில்தான் இன்றைக்கும் சோறு பொங்குகிறேன். ஜியாவுல்லா பாய் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா எபனேசரே, மிலிட்டரில உன்னைச் சேத்துக்கினு ஊட்டுக்காரம்மாவை அனுப்பிட வேண்டியதுதானே?" என்கிறார். செலக்‌ஷன் மேசையில் எனக்கு எதிரே நின்று தோலை ரகம் பிரிப்பவர் அவர். வேலை நேரத்திலும் அவர் வாய், வீட்டுக்கு வந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் வாய். எனக்கு ஓய்வே இல்லை.

பேப்பரில் பிரம்மபுத்திரா வெள்ளத்துப் படம் போட்டிருந்தான். வீட்டுக் கூரை மட்டும் தெரிகிறது. கூரை மேல் ஆடும் ஆளும் சேர்ந்து நிற்கிறார்கள். மூலையில் ஒரு ஹெலிகாப்டர், எறும்பு அளவுக்கு. நீதானோ என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தோலில் உண்ணி கடித்த தடம் பார்க்கிற லென்ஸ் அது. ஒன்றும் தெரியவில்லை, வெறும் புள்ளி.

மழையில் நனையாதே. அடுத்த வாரம் போன் செய்யும்போது மற்றதை எல்லாம் விட்டுவிடு. அந்த ஒன்றை மட்டும் திருப்பிச் சொல்லிவிடு. உனக்கு என்ன செலவு?

கோபத்தோடும் அன்போடும்,
எபனேசர்


ஆம்பூர்,
13 நவம்பர் 2005

அன்புள்ள ஹெப்சிக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அக்சாவும் நலம். அக்சாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அம்மாவிடம் போனில் சொல்லக் கூடாது, நேரில் காட்ட வேண்டும் என்று வாயை மூடியே பேசுகிறாள். நீயும் தெரியாதது போலவே இரு.

போன ஞாயிறு நீ சொன்ன செய்தியை நான் இன்னும் தெருவுக்குத் தெருவு சொல்லிக்கொண்டிருக்கிறேன். பத்து வருஷம் ஆகிவிட்டது, டிசம்பரோடு அனுப்பிவிடுகிறார்கள் என்றாய். உன்னோடு பயிற்சி முடித்த ஆண்கள் எல்லாரும் மேலே மேலே போவார்கள், பெண்களுக்கு அவ்வளவுதான் கணக்கு என்றாய். அநியாயம்தான். நானும் "அநியாயம்" என்றுதான் சொன்னேன். ஆனால் பொய் சொல்ல மாட்டேன், மனசுக்குள் மேளம் கொட்டியது. "அப்ப வீட்டுக்கு வந்துடு" என்றேன்.

நீ திருப்பிச் சொன்னாய்!

"வீட்டுக்கு வந்துடறேன்" என்று உன் வாயால் கேட்டேன். முன்னே ஒரு தடவை உன்னைத் திட்டி எழுதியதற்கு நீ போட்ட பதில் என் பைபிளுக்குள் இருக்கிறது. நிச்சயமாகச் செய்ய முடியும் என்று தெரிந்ததை மட்டும்தான் திருப்பிச் சொல்வேன், மேகம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாதபோது உங்களுக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்து நான் "பத்திரமா வந்து சேரு" என்று சொல்வதும், நீ "வைக்கட்டுமா?" என்பதும், நான் தூக்கம் வராமல் புரள்வதுமாக இத்தனை வருஷம் ஓடியது. இப்போது திருப்பிச் சொன்னாயா, செருப்புப் போடாமல் தெருவுக்கு ஓடினேன். ஜியாவுல்லா பாய் என்னைக் கட்டிக்கொண்டார். அவர் மனைவி ஷஹீன் பானு பாபி சீர்குர்மா பாயசம் செய்து அனுப்பினார். அக்சாவைப் பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து நான் வேலை முடிந்து வருகிறவரை இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்த புண்ணியவதி. "ஹெப்சி வந்தா எனக்கும் ஜாஸ்தி சந்தோஷம்தான், ஆனா புள்ள என் ஊட்டுக்கு வர்றது கம்மியாயிடுமே" என்று ஒரு கண்ணில் தண்ணீர்.

அன்றைக்கு உன் குரல் அடைத்திருந்தது. சளி என்றாய். உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளி. பனியில் நிற்காதே.

அந்தச் சந்தோஷத்தை இரண்டு நாள் முழுதாக அனுபவிக்க விட்டாயா? புதன்கிழமை உன் கடிதம் வந்தது. வீட்டுக்கு வந்து சட்டம் படிக்கப் போகிறாயாம்! ஹெப்சி, எனக்கு மண்டை காய்கிறது. முப்பத்திரண்டு வயதில், பையனும் பெண்ணுமாகச் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து சட்டம் படிக்க வேண்டுமா? நான் இங்கே சர்ச் ஸ்கூல் தாளாளரைப் பார்த்து, ஆபீசில் உனக்கு ஒரு நல்ல நாற்காலி பேசி வைத்திருக்கிறேன். வேலூர் பாகாயத்தில் ஹாஸ்டல் வார்டன் வேலையும் இருக்கிறது என்றார்கள். ஆகாயத்தில் பறந்தவள் தரையில் கொஞ்ச நாள் சும்மா உட்கார்ந்தால் என்ன குடி முழுகிப்போகும்?

எல்லாம் உன் கேம்ப் சமையல்காரர் கோதண்டபாணியால் வந்தது. காவேரிப்பாக்கத்துக்காரர், பாவம், தமிழ் தவிர ஒரு வார்த்தை தெரியாது. டீசல் திருடினார் என்று விசாரணை வைத்தார்களாம். அவர் சார்பில் பேச ஒரு ஆபீசர் வேண்டும், தமிழ் தெரிந்தவள் நீ ஒருத்திதான், பிடித்து நிறுத்திவிட்டார்கள். சரி, பேசினாய், காப்பாற்றினாய், அவரும் இன்றுவரை கிறிஸ்துமஸுக்குக் கார்டு போடுகிறார். அதோடு விட வேண்டியதுதானே? ஒரு சமையல்காரரைக் காப்பாற்றியதற்காக ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் காப்பாற்றக் கிளம்ப வேண்டுமா?

நான் வேண்டாம் என்றால் கேட்கப் போகிறாயா என்ன. திருப்பதி சட்டக் கல்லூரியில் விசாரித்தேன். காட்பாடியிலிருந்து காலையில் ரயில் இருக்கிறது. விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறேன். அதற்காகச் சம்மதித்துவிட்டேன் என்று நினைக்காதே, விசாரித்தேன், அவ்வளவுதான்.

பீரோவில் இடது பக்கம் உனக்குக் காலி செய்துவிட்டேன். உன் பறக்கிற உடுப்பை மடித்து வைப்பதா, மாட்டி வைப்பதா என்று தெரியவில்லை. அதை எழுது. ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். இந்த முறை நிஜமாகவே சேர்ப்பார்.

உன்,
எபனேசர்


ஆம்பூர்,
13 டிசம்பர் 2009

அன்புள்ள வக்கீலம்மா ஹெப்சிக்கு,

நானும் அக்சாவும் நலம். டெல்லிக் குளிரில் நீ நலமா? கையில் செல்போன் இருக்க எதற்கு ஸ்பீடு போஸ்ட் என்று நீ தங்கியிருக்கிற வீட்டுத் தோழி சிரிப்பாள். சிரிக்கட்டும். போனில் சொன்னால் நீ பாதியில் திருப்பிச் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், நான் மீதியை மறந்துவிடுவேன். இதை முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் மேல் எனக்கு வந்திருக்கும் கோபம் கொஞ்சநஞ்சமில்லை. காட்பாடி ஸ்டேஷனில் பெட்டியை ஏற்றி, தண்ணீர் பாட்டில் கொடுத்து, பூட்டுச் சாவி பத்திரம் என்று சொல்லி முடிக்கிறவரை வாயைத் திறக்கவில்லை. வண்டி நகர ஆரம்பித்த பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாய்: "கேஸ் ஜெயிச்சா மறுபடி யூனிஃபார்ம், நான் போயிடுவேன். தோத்தா வீடு, உங்க கூடவே இருப்பேன். நீங்க எதுக்கு ஜெபம் பண்ணுவீங்க?" நகர்கிற ரயிலில் இருந்து கேட்கிற கேள்வியா இது? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தலகாணில காத்து ஊதிக்கோ" என்றேன். அதையும் நீ திருப்பிச் சொன்னாய். "தலகாணில காத்து ஊதிக்கறேன்" என்றாய். பக்கத்தில் நின்ற போர்ட்டர் நம்மை ஒரு மாதிரி பார்த்தார்.

உன் தோழிகளோடு நீயும் சேர்ந்து பெண்களையும் கடைசிவரை பணியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனுப் போட்டபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். கோர்ட்டுக் கேஸ்தானே, அக்சாவுக்குக் கல்யாணம் ஆகிப் பேரன் எடுக்கிறவரை இழுப்பார்கள் என்று தைரியமாக இருந்தேன். ஆம்பூர் கோர்ட்டில் ஒரு வாய்க்கால் தகராறு என் அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. டெல்லியில் இவ்வளவு சீக்கிரம் கடைசி விசாரணைக்கு வரும் என்று யார் கண்டார்கள்? அதுவும் இத்தனை படித்து கவுன் மாட்டிய பிறகு, சொந்த வழக்கில் வக்கீலாக நிற்கக் கூடாதாம், பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டுமாம். இதற்கா திருப்பதிக்கும் காட்பாடிக்கும் மூன்று வருஷம் ரயிலில் தொங்கினாய்?

நீ போன மறுநாளே ஜியாவுல்லா பாயிடம் உன் கேள்வியைச் சொன்னேன். தோலைத் தட்டில் போட்டுவிட்டு யோசித்தார். அவர் யோசித்து நான் பார்த்ததே இல்லை. "ஜெயிச்சா நீ பேஜாரு, தோத்தா அந்தம்மா பேஜாரு. இதுல அல்லாகிட்ட இன்னான்னு கேப்பே?" என்றார். பாபியிடம் கேட்டேன், "எனக்குப் புள்ளைய விட்டுட்டுப் போனா போதும்" என்றார். சர்ச்சில் ஜெப விண்ணப்பம் கேட்டபோது எழுந்து நின்றேன். "டெல்லியில என் மனைவிக்கு ஒரு காரியம்" என்றதோடு உட்கார்ந்துவிட்டேன். பாஸ்டர் புத்திசாலி, "அந்தக் காரியம் வாய்க்கட்டும்" என்று பொதுவாக ஜெபித்து முடித்துவிட்டார். எந்தக் காரியம் என்று ஆண்டவருக்கும் குழப்பமாக இருந்திருக்கும்.

ஹெப்சி, நீ இங்கே இருந்த நான்கு வருஷத்தைப் பற்றி எனக்கு ஆயிரம் புகார் இருக்கிறது. அவசரமாகக் கிளம்பும்போதும் ஸ்கூட்டியை ஹெலிகாப்டர் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, டயரை உதைத்து, கண்ணாடியைத் துடைத்து, பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, பிறகுதான் ஏறுவாய். தெருப் பிள்ளைகள் எல்லாம் இப்போது சைக்கிளை அப்படித்தான் சுற்றி வருகின்றன. கோர்ட்டில் ஜட்ஜ் வாய்தா தேதி சொன்னால் அதையும் திருப்பிச் சொன்னாய். எல்லா வக்கீல்களும் குனிந்து சிரித்தார்களாம். ஒரு நாள் நீ திருப்பிச் சொன்னதைக் கேட்ட பிறகுதான் ஜட்ஜுக்கே அது ஞாயிற்றுக்கிழமை என்று உறைத்ததாம். அன்றிலிருந்து தேதி சொன்னதும் உன் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கிறாராமே? உன் சீனியர்தான் மார்க்கெட்டில் என்னைப் பிடித்து நிறுத்திச் சொன்னார்.

வள்ளியம்மாள் கேஸையும் அவர்தான் சொன்னார். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பெண், மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் அனுப்பிவிட்டார்கள். அவளாகவே நின்றுவிட்டாள் என்று சாட்சி சொல்ல சூப்பர்வைசர் வேலூர் லேபர் கோர்ட்டுக்கு வந்தார். சீனியருக்குக் காய்ச்சல், நீ எழுந்தாய். சத்தம் போடவில்லை, மேசையைத் தட்டவில்லை. அந்த ஆள் சொல்லச் சொல்ல, அவர் வார்த்தையையே அவருக்குத் திருப்பிச் சொன்னாயாம். "அவங்களா வேலைக்கு வர்றதை நிறுத்திட்டாங்க." சொல்லிவிட்டு நிறுத்தினாய். "மறுநாள் கேட்டுக்கு வந்தாங்க." நிறுத்தினாய். "உள்ளே விட வேண்டாம்னு வாட்ச்மேன்கிட்ட நான் சொல்லல." நிறுத்தினாய். தன் பேச்சை இன்னொருத்தர் வாயால் கேட்கக் கேட்க மனுஷன் நெளிய ஆரம்பித்து, கடைசியில், "இல்லம்மா, நான்தான் சொன்னேன், மேலே இருந்து சொல்லச் சொன்னாங்க" என்றாராம். சீனியர் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டில் இப்படித்தானா சார் என்றார். ஐயா, பன்னிரண்டு வருஷமாக இதே கதிதான் என்றேன். அவருக்கு நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று புரியவில்லை. எனக்கும்தான்.

வள்ளியம்மாள் நேற்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேலையில் மறுபடி சேர்த்துக்கொண்டார்களாம். ஒரு டஜன் வாழைப்பழம் வைத்துவிட்டு, "அக்கா எப்போ வரும்?" என்றாள். எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். வேலையை விட்டு அனுப்பப்பட்டவளை மறுபடி உள்ளே கொண்டுபோய் விட்டவள் நீ. உன்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தபோது என் பதில் என்ன என்று எனக்குத் தெரியும். தோற்க வேண்டும் என்றுதான் ஜெபித்தேன். வாய்விட்டு இல்லை, மனசுக்குள். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதாமல் விட்டால் மேலே போக முடியவில்லை.

அப்புறம்தான் போன மாதம் நடந்தது ஞாபகம் வந்தது. ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நின்றிருந்தோம். கிருஷ்ணகிரிப் பக்கம் ஏதோ மந்திரி போகிற ஹெலிகாப்டர் ஊர் மேல் தாழ்வாகப் பறந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடின. பாஸ்டர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். உனக்குக் காட்டலாம் என்று திரும்பினால் நீ மேலே பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உன் இடது கை மட்டும் இடுப்புக்குப் பக்கத்தில் மெதுவாக மேலே ஏறியது, கொஞ்சம் நின்றது, பிறகு இறங்கியது. கேம்ப்பில் நீ எனக்குக் காட்டியிருக்கிறாய், இடது கையில் இருக்கிற அந்தக் கம்பியைத் தூக்கினால்தான் வண்டி எழும்பும் என்று. சத்தம் ஓய்ந்ததும் "வீட்டுக்குப் போலாமா, குழம்பு சுட வைக்கணும்" என்றாய். நானும் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன்.

அதை நினைத்த பிறகு தோற்க வேண்டும் என்று ஜெபிக்க வாய் வரவில்லை. ஜெயிக்க வேண்டும் என்று ஜெபிக்கவும் வரவில்லை. இரண்டு நாள் ஜெபமே செய்யவில்லை, ஆண்டவர் என்ன நினைத்தாரோ.

வியாழக்கிழமை அக்சாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். கோணல் வகிடு, அவள் வழக்கம்போலத் திட்டினாள். திட்டிக்கொண்டே கேட்டாள்: "அம்மா ஜெயிச்சா நம்ம ஏன் இங்கேயே இருக்கணும்? நம்மளும் போலாமில்லப்பா?"

நான் சீப்பைக் கீழே வைத்தேன். உன்னிடம்தான் கோபம் வந்தது, நிஜமாகவே சொல்கிறேன். இத்தனை வருஷம் நான் பூத்திலும் போனிலும் கடிதத்திலும் "வா வா" என்று கத்திக்கொண்டிருந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நீங்க வாங்க" என்று நீ சொல்லியிருக்கலாம் இல்லையா? ஏன் கேட்கவில்லை? முடியாது என்று சொல்லிவிடுவேன் என்று பயந்தாயா? சொல்லியிருப்பேன்தான். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்!

கான்பூரில் தோல் இல்லையா? ஆக்ராவில் இல்லையா? கல்கத்தாவில் இல்லையா? மாடும் ஆடும் ஆம்பூரில் மட்டுமா மேய்கின்றன? நான் ஜன்னல் வெளிச்சத்தில் தோலைப் பிடித்துப் பார்த்து முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று பிரிக்கிறவன். அந்த வெளிச்சம் எல்லா ஊரிலும் வருகிறது. ஜியாவுல்லா பாயின் மாமா மகன் கான்பூரில் ஒரு டேனரியில் மேனேஜர். நேற்று அவரோடு போனில் பேசினேன். என் உருதுவைக் கேட்டுவிட்டு, "எந்த மொஹல்லா பாய் நீங்க?" என்று தெருவைக் கேட்டார், என்னையும் பாய் என்றே நினைத்துவிட்டார். பாபி அக்சாவை உருதுவில் கொஞ்சிக் கொஞ்சி எனக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுத்திருக்கிறார், எனக்கே அது தெரியாது. வரச் சொல்லிவிட்டார். உன்னை லடாக்கில் கொண்டுபோய்ப் போட்டால் கான்பூர் எனக்கு எந்த மூலைக்கு என்று கேட்பாய். இங்கிருப்பதை விடப் பக்கம்தானே. லீவுக்கு ரயில் ஏறிவிடுவேன். லடாக்கிலும் ஆடு இருக்கிறதாம்.

முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். "இன்னா எபனேசர், பொண்டாட்டி பின்னாடி போறியா?" என்றார். ஆமாம் சார் என்றேன். அவர் மேற்கொண்டு கிண்டல் செய்யத் தயாராக வந்தவர், ஃபேனைப் போடச் சொன்னார். நான் கிளம்புகிறேன் என்றதிலிருந்து ஜியாவுல்லா பாய்தான் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. செலக்‌ஷன் மேசை வாழ்நாளில் முதல் தடவையாக அமைதியாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

தீர்ப்பு என்றைக்கு வருமோ, எப்படி வருமோ எனக்குத் தெரியாது. முப்பத்தாறு வயதில் மறுபடி உன்னைப் பறக்க விடுவார்களா என்றும் தெரியாது. தோற்றுவிட்டால் வீட்டுக்கு வா. வள்ளியம்மாள் மாதிரி வாசலில் நிறையப் பேர் நிற்கிறார்கள், ஸ்கூட்டி தூசி படிந்து நிற்கிறது. அப்படி வந்தாலும், ஹெலிகாப்டர் சத்தம் கேட்கும்போது குழம்பைப் பற்றிப் பேசாதே. என்னிடம் அழு. நான் பக்கத்தில்தான் நிற்பேன்.

ஆனால் நான் ஜெபிப்பது நீ ஜெயிக்க வேண்டும் என்றுதான். நேற்றிலிருந்து வாய்விட்டே ஜெபிக்கிறேன். அக்சா ஆமென் சொல்கிறாள்.

நிச்சயமாகச் செய்ய முடிந்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்பது உன் சட்டம். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்து, டயரை உதைத்துப் பார்த்து, பிரேக்கைப் பிடித்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கடிதம் கிடைத்ததும் போன் போட்டு எனக்குத் திருப்பிச் சொல். ஒரு வார்த்தை விடாமல் சொல். நடுவில் சளி என்று சொல்லாதே.

நீ ஜெயித்தால், நாங்கள் வருகிறோம்.

நீ போகிற இடத்திலும் நாங்கள் வருகிற வழியிலும் ஆண்டவர் துணையிருக்கட்டும்.

உன்,
எபனேசர்